வாசலில் வந்து நிற்கும் பழைய கடன்

திருச்சி கன்டோன்மென்டில் உள்ள என் அலுவலகத்துக்கு, வெளிநாட்டில் இருக்கும் கட்சிக்காரர் முதலில் வருவதில்லை. அவருடைய அப்பாவோ அம்மாவோதான் வருகிறார்கள். மகன் சிங்கப்பூரிலோ மெல்பர்னிலோ டொராண்டோவிலோ இருப்பான். போவதற்கு முன் சென்னையில் வேலை பார்த்த காலத்துக் கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், டூவீலர் கடனின் கடைசி நாலைந்து தவணை, இப்படி ஏதாவது ஒன்று நிலுவையில் நிற்கும். கடன் வாங்கியவன் போய்விட்டான். விண்ணப்பத்தில் அவன் எழுதிக் கொடுத்த நிரந்தர முகவரி மட்டும் இங்கேயே இருக்கிறது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கதவைத் திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வங்கியின் வக்கீல் பேனலில் இருந்தேன். வசூல் வழக்குகள்தான் அதிகம் வரும். 2005-இலிருந்து 2008 வரை சென்னையில் கார்டு வாங்குவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அப்போது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி அடையாள அட்டையின் நகலும் சம்பளச் சீட்டும் இருந்தால் போதும். ஒருவரிடமே நான்கைந்து கார்டு இருக்கும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு பலருக்கு வேலை போயிற்று, பலர் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு வெளிநாடு கிளம்பினார்கள். அவர்களுடைய கோப்புகள் கட்டுக்கட்டாக எங்கள் மேசைக்கு வந்தன. பெயர், காலி செய்துவிட்டுப் போன வாடகை வீட்டின் முகவரி, ஓரத்தில் ‘பார்ட்டி அப்ராட்’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பேனலை விட்டு வெளியே வந்து, கடன் வாங்கியவர்கள் பக்கம் ஆஜராக ஆரம்பித்தேன்.

இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்தக் காகிதத்தின் பேரில் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் கடனை மறந்துவிட்டு இருக்கிறார்கள். மீதிப் பேர் ஒரு போன் வந்ததும் பயந்துபோய், கேட்ட தொகையைக் கேட்ட இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

பெற்றோர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் அடிபடுவது அவர்கள்தான். மகனுடைய கார்டு பாக்கிக்கும் தனிநபர் கடனுக்கும் அப்பா அம்மா பொறுப்பில்லை. அவர்கள் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே வங்கி அவர்களிடம் கேட்க முடியும். “பையன் கட்டலைன்னா உங்க பென்ஷன்ல பிடிப்போம்” என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் வசூல் ஆள் சொல்லியிருக்கிறான். அவர் பல நாள் தூங்கவில்லை. அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை, எந்த நீதிமன்றமும் அப்படி ஓர் உத்தரவு போட்டிருக்கவும் முடியாது. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? மகனோ அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வசூல் ஆள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் பார்க்க அவமானப்படுத்தக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதிச் சுற்றறிக்கை இதை வரிசையாகச் சொன்னது. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: கதவுக்கு வெளியே வைத்தே பேசுங்கள், அட்டையையும் கடிதத்தையும் கேளுங்கள், இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், “எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க, பையன் பதில் போடுவான்” என்று சொல்லி அனுப்புங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தவர் கேட்டார் என்பதற்காக மகனுடைய வெளிநாட்டு அலுவலக எண்ணைக் கொடுக்காதீர்கள். அட்டையைக் கேட்டதுமே திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

கல்விக் கடன் இதில் சேராது. அதில் அப்பாவோ அம்மாவோ பெரும்பாலும் இணைக் கடன்தாரர். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு கழித்துத் தவணை ஆரம்பிக்கும்போது மகன் அனுப்பாவிட்டால் வங்கி நேராகப் பெற்றோரைக் கேட்கலாம். வீட்டை அடமானம் வைத்து வாங்கியிருந்தால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். கார்டு பாக்கி நிற்க, முதலில் இதைக் கட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி, என்னிடம் பேசும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். “சார், மூணு வருஷம் தாண்டிடுச்சு. இனிமே கேஸ் போட முடியாதுல்ல?” யாரோ சொல்லக் கேட்டு, வெளிநாட்டில் நண்பர்கள் வட்டத்தில் பேசிப் பேசி, இதை ஒரு வேதவாக்காகவே வைத்திருக்கிறார்கள்.

1963-ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு என்பது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவை யாரும் சொல்வதில்லை. பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தை அந்த மூன்று ஆண்டில் சேர்க்கக் கூடாது என்கிறது அது. உள்ளூரில் இருப்பவருக்கு மூன்று ஆண்டில் முடியும் கெடு, 2012-இல் விமானம் ஏறியவருக்கு அன்றைக்கே நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு மூன்று வாரம் விடுப்பில் வந்து போனால் அந்த வாரங்கள் மட்டும் ஓடும். அப்படிப் பார்த்தால் பத்தாண்டு கழித்தும் கெடு முடிந்திருக்காது. இந்த விலக்கை வங்கி தன் பிராதில் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை, 6-ஆவது விதி சொல்கிறது. எல்லா வங்கி வக்கீலும் கேட்பதில்லை. கேட்க மாட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பது மட்டும் புத்திசாலித்தனம் ஆகாது.

கெடு உண்மையாகவே முடிந்துபோன கடன்களும் உண்டு. இடையில் ஊரோடு திரும்பி வந்து நாலைந்து ஆண்டு இங்கேயே இருந்துவிட்டு மறுபடி போனவர்களுக்கு அப்படி ஆகும். அவர்களிடமும், கெடு முடியப் போகிறவர்களிடமும் வசூல் ஆட்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். “சார், ஒரு ஆயிரம் ரூபா மட்டும் போடுங்க, ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்” என்பார்கள். அல்லது, “அடுத்த மாசம் கட்டுறேன்னு ஒரு மெயில் மட்டும் போடுங்க” என்பார்கள். கெடு முடிவதற்குள் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, எழுத்தில் பதிவாகும் வகையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். மின்னஞ்சலையும் ஒப்புதலாக ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் இருக்கின்றன. கெடு முடிந்த பிறகுகூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25-இன் படி அது செல்லும் ஒப்பந்தம். ஆகவே பேரம் பேசுவதற்கு முன் எதுவும் எழுதாதீர்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள்.

வழக்கே போட மாட்டார்கள், சின்னத் தொகைதானே என்று இருந்த ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் ஐடி வேலை, ஒரு தனிநபர் கடன், ஒரு கார்டு. வேலை மாறி ஆஸ்திரேலியா போனார். போன புதிதில் வாடகை, முன்பணம், பிள்ளைக்குப் பள்ளி என்று கை இறுகிப்போக, தவணை நின்றது. வங்கி சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சம்மன் அவர் காலி செய்துவிட்டுப் போன வேளச்சேரி வீட்டுக்குப் போய்த் திரும்பியது. பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. பல ஆண்டு அமைதியாகப் போயிற்று.

பிறகு அவருடைய அப்பா இறந்தார். ஸ்ரீரங்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு. தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், வீட்டை விற்க முடிவாகி, முன்பணமும் வாங்கியாயிற்று. வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அண்ணனுடைய மூன்றில் ஒரு பங்கின் மீது நீதிமன்ற ஜப்தி பதிவாகியிருக்கிறது. சென்னையில் வாங்கிய டிக்ரியைத் திருச்சி நீதிமன்றத்துக்கு மாற்றி, நிறைவேற்று மனு போட்டிருக்கிறார்கள். டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வங்கிக்கு அவசரமே இல்லை. அப்பா பெயரில் வீடு இருந்தவரை தொட முடியாமல் இருந்தது, அவர் இறந்ததும் மகனுக்குப் பங்கு வந்துவிட்டது. அந்தக் குடும்பம் முதன்முதலில் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான். அந்தத் தங்கை என் எதிரே உட்கார்ந்து, “அண்ணன் சொல்லியிருந்தா நாங்களே கட்டியிருப்போமே சார்” என்று சொன்னது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு இருப்பது தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 13-ஆவது விதிப்படி கேட்க வேண்டும். நல்ல மனுதான், ஜெயிக்கவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் ஜெயித்தால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும், கல்யாணம் காத்திருக்காது. அதனால் மனுவையும் போட்டோம், அதைக் கையில் வைத்துக்கொண்டே வங்கியோடு பேசவும் செய்தோம். கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. வங்கி வட்டியில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே எழுதப்படும் தீர்வு டிக்ரிக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. பணம் கட்டிய பிறகு டிக்ரி முழுவதும் நிறைவேறியது என்று நிறைவேற்று நீதிமன்றத்தில் மெமோ போட்டு, ஜப்தியை நீக்கும் உத்தரவை வாங்கி, அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வைத்து, புது வில்லங்கச் சான்று எடுத்துக் காட்டிய பிறகுதான் வீடு கைமாறியது. பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, இந்தக் கடைசிப் படிகளைச் செய்யாமல் விடுகிறவர்கள் அநேகம்.

மக்கள் நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முத்திரையோடு கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போகிறார்கள். வழக்குக்கு முன்பே சமரசம் பேச வரச் சொல்லும் கடிதம் அது. போகாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் போவது நல்லது. வங்கி அதிகாரி தொகையைக் குறைக்கும் அதிகாரத்தோடு அங்கே உட்கார்ந்திருப்பார், வேறெங்கும் அந்த வசதி அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

பயப்பட வேண்டியது எதற்கு, பயப்பட வேண்டாதது எதற்கு என்பது குழம்பித்தான் கிடக்கிறது. கார்டு பாக்கி கட்டாதது குற்றம் அல்ல, அது உரிமையியல் விவகாரம். “இன்டர்போல்ல சொல்லி ஏர்போர்ட்லயே பிடிப்போம்” என்பது வெறும் மிரட்டல். தனிப்பட்ட கடன் தகராறுக்கு இன்டர்போல் சிவப்பு நோட்டீஸ் கிடையாது. பெரிய தொகை பாக்கி வைத்தவர்களை விமான நிலையத்தில் நிறுத்த லுக் அவுட் சுற்றறிக்கை கேட்கும் அதிகாரம் 2018-இல் பொதுத்துறை வங்கித் தலைவர்களுக்குத் தரப்பட்டது. அதை மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரு கார்டு பாக்கிக்காக அப்படி நிறுத்தப்பட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. சென்னைப் பாக்கி தானாகவே டொராண்டோவின் கடன் அறிக்கையில் ஏறிவிடவும் செய்யாது.

காசோலை வேறு. அந்தக் காலத்தில் தனிநபர் கடனுக்குப் பின்தேதியிட்ட காசோலைகளை வாங்கி வைப்பார்கள். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138-இன் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தவணையைத் தானாகப் பிடிக்கக் கொடுத்த ஒப்புதல் பணமின்றித் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்து முறைகள் சட்டம், பிரிவு 25-இன் கீழ் அதேபோல வழக்குத் தொடரலாம். அந்தச் சம்மனும் பழைய முகவரிக்குத்தான் போகும். ஆஜராகாவிட்டால் பிடிவாரண்ட் வரும். கட்சிக்காரருக்கு இது எப்போது தெரிகிறது என்றால், தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்து, போலீஸ் விசாரணையில் சிக்கி நிற்கும்போது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கிக் கொடுத்தால் தருவார்கள், அதற்குள் விசா தேதி ஓடிவிடும். இந்த வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே காசோலை வழக்கு இருப்பது தெரிந்தால் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் முடிக்கச் சொல்வேன்.

வழக்கு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் ஆண்டையும் கொடுத்து, பெயரைப் போட்டுத் தேடலாம். நான் எந்தக் கோப்பை எடுத்தாலும் சென்னை, திருச்சி, கட்சிக்காரர் வேலை பார்த்த ஊர் என்று ஒவ்வொன்றாகத் தேடிவிட்டுத்தான் வங்கிக்குக் கடிதம் எழுதுவேன். இனிஷியலை முன்னால் போட்டும் பின்னால் போட்டும் அப்பா பெயரை விரித்தும் தேட வேண்டும். நம் ஊர்ப் பெயர்கள் வங்கியின் ஏட்டில் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் வேறாகவும் இருக்கும்.

அடுத்தது கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியில் எவ்வளவு, கடைசியாக எப்போது கட்டியது, கடன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். ஓடிபி பழைய இந்திய எண்ணுக்குப் போகும், அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். அடையாளச் சான்றோடு எழுத்தில் விண்ணப்பித்தால் தருவார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். அறிக்கையில் தவறு இருந்தால் 30 நாளில் திருத்த வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது.

அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப்’ என்று பார்த்ததும் தள்ளுபடி ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் அதைச் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் பேரத்துக்கு அதுவே நல்ல நேரம். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன், பிறகு லாபத்திலிருந்து அதற்கு ஒதுக்கீடு, அப்புறம் ரைட் ஆஃப். அந்தக் கட்டத்துக்கு வந்த கடனில் எது கிடைத்தாலும் வங்கிக்கு வரவுதான். கடனை வாங்கிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் என்றால், முகமதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கும், இன்னும் இறங்கி வரும்.

தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள், அசல் எவ்வளவு என்று கேளுங்கள். கார்டுக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி சாதாரணம், ஆண்டுக்கு 42. போதாததற்கு வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வெறும் 40,000 ரூபாய்ப் பாக்கி மூன்றரை விழுக்காட்டில் மாதக் கூட்டு வட்டியாக ஓடினால் ஐந்து ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த வட்டிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, வட்டி அநியாயம் என்று சொல்லி நீதிமன்றத்தில் தப்புவது கடினம். பேசித்தான் குறைக்க வேண்டும். கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் சொல்கின்றன. முழுக் கணக்கு விவரத்தைக் கேட்டு வரிவரியாகப் பார்த்தால், பேசுவதற்கு அங்கேயே ஒரு பிடி கிடைக்கும்.

பேசி முடிந்ததும் செட்டில்மென்ட் கடிதம். வங்கியின் தலைப்புத் தாளில், கடன் எண்ணோடு, இவ்வளவு தொகை, இந்தத் தேதிக்குள் கட்டினால் முழுவதும் முடிந்தது என்று எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பாமல், வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து வரச் சொல்லுங்கள். வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அதையே அனுப்பி உறுதி கேளுங்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கிலிருந்து கடன் கணக்கு எண்ணுக்கே போக வேண்டும். ஏஜென்டின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் போட்டுவிட்டு, அந்தப் பணம் வங்கிக்குப் போய்ச் சேராமல் இரண்டாம் முறை கட்டியவர்களை எனக்குத் தெரியும். கட்டிய பிறகு நிலுவை இல்லை என்ற சான்றிதழ். அதை வாங்காமல் விட்டால் இரண்டு ஆண்டு கழித்து அதே கடனுக்கு வேறொரு நிறுவனம் போன் செய்யும்.

குறைத்துக் கட்டினால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், முழுதாகக் கட்டினால் ‘குளோஸ்டு’. செட்டில்டு என்பது பல ஆண்டு அப்படியே நிற்கும். ஊருக்குத் திரும்பி வந்து வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவரிடம், முடிந்தால் அசலையும் நியாயமான வட்டியையும் கட்டி குளோஸ்டு என்றே வாங்குங்கள் என்பேன். திரும்பும் எண்ணமே இல்லாதவருக்குச் செட்டில்மென்ட் போதும். இதில் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. இன்னொன்று, பாக்கி இருக்கும் அதே வங்கியில் என்ஆர்ஓ கணக்கு தொடங்கிப் பணம் அனுப்பாதீர்கள். கணக்கில் லீன் போட்டுப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள் என்று அழுதுகொண்டே பேசியவர் ஒருவர், அது தங்கையின் மருத்துவச் செலவுக்கு அனுப்பிய பணம்.

நேரில் வர முடியாதவர்கள் பவர் பத்திரம் அனுப்புவார்கள். பொது அதிகாரம் வேண்டாம், இந்தக் கடன், இந்த வழக்கு என்று குறிப்பிட்ட அதிகாரம் மட்டும் கொடுங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். சொத்தை விற்கும் அதிகாரத்தைப் பழக்கத்தில் அதில் சேர்த்துவிடுகிறார்கள். கடனைத் தீர்க்க அது எதற்கு?

எதிர்த்திசையில் வருகிறவர்களும் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் அதிகம். ஷார்ஜாவிலோ துபாயிலோ கார்டு பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள். கடல் நடுவில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2020 ஜனவரி 17-ஆம் தேதி அறிவிக்கையோடு அது மாறிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றங்கள் கொடுத்த பண டிக்ரியை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேராகத் தாக்கல் செய்து, இங்கே கொடுத்த டிக்ரியைப் போலவே நிறைவேற்றலாம். சிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் இந்த ஏற்பாடு முன்பிருந்தே உண்டு. சம்மன் வரவில்லை, வழக்கின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்கள் என்பது போன்ற ஆட்சேபங்களை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின் கீழ் எழுப்பலாம். ஆனால் துபாய்க் கடன் துபாயோடு போயிற்று என்று இனி யாரும் சொல்ல முடியாது. பணமில்லாமல் திரும்பும் காசோலையைப் பெரும்பாலும் குற்றமாகக் கருதுவதை அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து நிறுத்திவிட்டது. பழைய வழக்கில் பயணத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் மறுபடி விமானம் ஏறாதீர்கள்.

இனிக் கிளம்பப் போகிறவர்களுக்கு. கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு முடியாது. ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய் ஏறி, அதற்குத் தாமதக் கட்டணம் ஏறி, அறிக்கையில் பாக்கிதாரர் என்று வந்து நிற்கும். பாக்கியைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. வங்கி பதில் சொல்லாவிட்டால் 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனுக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புது முகவரியையும் மின்னஞ்சலையும் வங்கியில் எழுதிப் பதிந்துவிட்டுப் போங்கள். எனக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை முகவரி மாற்றாததால் முற்றியவை.

ஏற்கெனவே போய்விட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் இந்த வாரமே வீட்டுக்குப் போன் செய்து அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். தொகையைச் சொல்லுங்கள், எந்த வங்கி என்று சொல்லுங்கள், அவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர்களுக்குப் பொறுப்பில்லை என்பதையும் சொல்லுங்கள். வசூலுக்கு யாராவது வந்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதியை நீங்கள் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.